அந்த நாயை எங்கே விடச் சொல்கிறீர்கள்?

பழைய நகரங்களை நிர்வகிக்கும் நகராட்சிகளுக்கும், அவற்றின் போக்குவரத்துத் துறையினருக்கும், புராதனச் சின்னங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும், மதிலுக்கு வெளியே பார்க்கிங் நடத்தும் ஒப்பந்ததாரர்களுக்கும்:

நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பக்கம் கை காட்டுவீர்கள் என்பதை ஒரு முழு நாள் வெயிலில் நின்று தெரிந்துகொண்டேன். எந்த நகரம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் ஒரு விளக்கக் கடிதம் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் "நல்லவேளை, நாமில்லை" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். நான் பார்த்த ஏற்பாடு உங்களில் பலரிடம் இருக்கிறது.

என்னிடம் இரண்டு நாய்கள். சிட்டு ஒரு ஷிட்சு, ஐந்து கிலோ, வயது ஒன்பது. குட்டான் ஒரு டாஷண்ட், ஏழு கிலோ, உயரத்தை நீளத்தில் தேடிக்கொண்ட உடம்பு. இரண்டையும் சேர்த்து எடை போட்டாலும் பஸ்ஸில் ஏறும் ஒரு சுமாரான சூட்கேஸின் எடைதான் வரும். இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்பது பஸ் வரும்போது புரியும்.

நானும் அக்காவும் நாய்களோடு காரில் கிளம்பினோம். மதில் சூழ்ந்த ஒரு பழைய நகரத்தையும் அதன் அரண்மனையையும் பார்க்க நான்கு மணி நேரப் பயணம். அரண்மனைக்குள் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்று அதன் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். சரி, நியாயம்தான். நூற்றாண்டுகளைத் தாங்கி நிற்கும் சுவரில் குட்டான் காலைத் தூக்கினால் என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால் மதிலுக்குள் இருக்கும் பழைய பார்க்கிங்கில், அந்தப் பெரிய மரங்களுக்கு அடியில் காரை விடுவது. தெருக்களில் நாய்களோடு நடப்பது. அரண்மனைக்கு மட்டும் முறை வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே போக, மற்றவர் நாய்களோடு வெளியே இருப்பது என்று திட்டம் போட்டிருந்தோம்.

மதில் வாசலில் தடுப்பு. வெளியூர் கார்கள் இனி உள்ளே வரக்கூடாதாம். முந்தைய மாதம்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புதுப் பார்க்கிங், அங்கிருந்து ஷட்டில் பஸ்.

அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியும் குதிரையும் போவதற்காகப் போட்ட தெருக்களில் கார்களை நுழைத்ததுதான் தப்பு. இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் அனுமதி இல்லாத கார் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து, அபராதம் வீடு தேடி வருகிறது. லண்டன் 2003-இலேயே நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் போட்டுவிட்டது. ஆக்ஸ்போர்டில் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு பஸ்ஸில் போகும் ஏற்பாடு 1970-களிலிருந்தே நடக்கிறது. கார் இல்லாத தெருவில் நடப்பது எவ்வளவு சுகம் என்று சிறிய நாய் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். சைலென்சர் உயரத்தில் மூக்கு உள்ள ஜீவன்கள் அவை.

ஆக, கார் வெளியே இருக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்புறம்தான் பிரச்சினை.

புதுப் பார்க்கிங் ஒரு பரந்த வெளி. புதிதாகத் தார் போட்டு, வெள்ளைக் கோடு கிழித்து, ஒரு மரம்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. ஷட்டில் பஸ் வந்தது. சிட்டு என் மார்போடு கட்டிய பையிலும், குட்டான் அக்கா தோளில் தொங்கிய பையிலும் இருந்தார்கள். இரண்டும் ஜிப் போட்ட, வலை வைத்த பைகள். டிரைவர் கதவிலிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்: ஒரு நாயின் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

"பைக்குள்ளதானே இருக்கு, மடியில வச்சுக்கிறோம்" என்றார் அக்கா.

"பைக்குள்ள இருந்தாலும் நாய் நாய்தானேம்மா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் நான்கு பெரிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு இடம் இருந்தது.

வாடகை வண்டிகளுக்கும் மதிலுக்குள் அனுமதி இல்லை. நடந்து போகலாம் என்றால், அந்த மூன்று கிலோமீட்டரும் நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை. பார்க்கிங் கூண்டில் இருந்த தம்பியிடம் போய், "நாய் கொண்டு வந்தவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "எல்லாரும் கார்லயே விட்டுட்டுத்தாங்க போறாங்க. கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி விட்டுட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது."

அவர் தலைக்கு மேலேயே, அவருடைய கூண்டிலேயே, உங்கள் முத்திரையோடு ஒரு பலகை இருந்தது: "கார்களுக்குள் குழந்தைகளையோ பிராணிகளையோ விட்டுச் செல்லாதீர்கள்."

நாங்கள் நடந்தோம். புறங்கையைத் தார்மேல் ஐந்து நொடி வைத்துப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். வைக்க முடியவில்லை என்றால் நாயை இறக்கக்கூடாது. அன்றைக்கு இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை. நமக்குச் செருப்பு இருக்கிறது. குட்டானுக்கு உள்ளங்கால் மட்டும் பிரச்சினை இல்லை. அவன் வயிறு தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில்தான் இருக்கும். தாரிலிருந்து எழும் அனல் முழுவதும் நேராக அங்கேதான் அடிக்கும். அதனால் மூன்று கிலோமீட்டரும் தூக்கிக்கொண்டே நடந்தோம், லாரிகள் ஒதுக்கித் தள்ளிய மண் ஓரத்தில். அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு.

ஊருக்குள் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கல் பாவிய தெரு, கூட்டம், இடுக்குகளில் மாட்டும் சின்னப் பாதங்கள். கூட்டத்தில் ஒரு சின்ன நாய்க்குத் தெரிவதெல்லாம் கெண்டைக்கால்களும் தள்ளுவண்டிச் சக்கரங்களும்தான். இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் பை கொண்டு போனோம்.

அரண்மனை வாசலில் அடுத்தது. டிக்கெட்டில் நேரம் போட்டிருந்தது: எங்கள் இருவருக்கும் ஒரே மணி. கூட்டத்தைக் கட்டுப்படுத்த நேரம் குறித்து அனுமதிப்பதும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலில் அக்கா போய், சுற்றிப் பார்த்துத் திரும்பி, பிறகு நான் போவதற்குள் என்னுடைய நேரம் தாண்டிவிடும். தாண்டிய டிக்கெட் செல்லாது. இணையத்தில் பதிவு செய்யும்போது ஒரே பதிவில் இரண்டு வெவ்வேறு நேரம் எடுக்கவும் வழி இல்லை. கவுன்டரில் கேட்டதற்கு, "அப்ப ஒருத்தர் மட்டும் பாத்துட்டு வாங்க" என்று யோசனை சொன்னார்கள். அக்கா போனார். நான் வெளி முற்றத்துச் சுவரின் நிழலில் உட்கார்ந்தேன். கால்மணி நேரத்தில் காவலர் வந்து, பிராணிகளோடு இங்கே உட்காரக்கூடாது என்றார். இரண்டும் பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. முற்றத்துக்கு வெளியே போனேன். வெளியே நிழல் இல்லை.

அந்த அரண்மனையை நான் பார்த்தது அக்காவின் போனில். ஓவியக்கூரை அழகாக இருந்தது. கொஞ்சம் ஆட்டமாக எடுத்திருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். நான்கு மணிக்குப் பார்க்கிங்குக்குத் திரும்பி வந்தோம். எங்கள் காருக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு வெள்ளைக் கார். பின் கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறக்கியிருந்தது. அந்த இடுக்கில் ஒரு பக் நாயின் மூக்கு.

முன்னங்கால்களைக் கதவின் கைப்பிடியில் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. நாக்கு முழு நீளத்துக்கு வெளியே, செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. கோழை கயிறு கயிறாகக் கண்ணாடியில் இறங்கியிருந்தது. அது மூச்சு விட்ட இடத்தில் கண்ணாடி உள்பக்கம் ஈரம் படிந்து வெளிறியிருந்தது. எங்களைப் பார்த்துக் குரைக்கவில்லை, வாலை ஆட்டவில்லை, இரைப்பதைத் தவிர வேறு எதற்கும் அதனிடம் தெம்பு இல்லை.

கூண்டுக்கு ஓடினேன். அந்தத் தம்பி மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். மேற்பார்வையாளர், கார் விஷயம் எங்களுடையது, உள்ளே இருப்பது நகராட்சி விஷயம் என்றார். நகராட்சி உதவி எண்ணில், பார்க்கிங் போக்குவரத்துத் துறையின் கீழ் வருகிறது என்றார்கள். போக்குவரத்துத் துறையில், அது தனியார் வாகனத்தில் உள்ள தனியார் உடைமை, போலீஸில் சொல்லுங்கள் என்றார்கள். போலீஸ் வருவதாகச் சொன்னது. இது நடந்துகொண்டிருந்தபோது அந்தத் தம்பி, காலையில் எனக்கு அபத்தமான யோசனை சொன்ன அதே தம்பி, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து கண்ணாடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். நாய் கண்ணாடியை நக்கியது. உங்கள் நான்கு அலுவலகங்களிலும் சேர்த்து அன்றைக்கு வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். அது அவருடைய வேலையும் இல்லை.

இருபது நிமிடம் கழித்துக் காரின் சொந்தக்காரர் ஓடி வந்தார், கையில் ஒரு குழந்தையோடு. கதவைத் திறந்ததும் நாய் வெளியே குதிக்கவில்லை, சரிந்தது. பார்க்கிங்கில் குழாய் கிடையாது. எங்கள் காரில் நாய்களுக்காக வைத்திருந்த தண்ணீரை அதன் வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றி, பதிவேட்டு அட்டையால் விசிறி, எங்கள் காரில் ஏசி போட்டு அதைக் கிடத்தினோம். அங்கிருந்து நேராகக் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்துக்கொண்டதாக அவர் பிறகு போன் செய்து சொன்னார்.

அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. கேட்டும்விட்டேன். அவர் அழுதுகொண்டே சொன்னது: "பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. பாப்பா பாக்கணும்னு ஒரே அழுகை. பத்து நிமிஷத்துல வந்துடலாம்னு போனேன், திரும்பி வர்ற பஸ்ஸுக்கே முக்கால் மணி நேரம் கியூ." இது மன்னிப்பு ஆகாது. காரில் நாயை விடக்கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. அவருடைய தப்பு அவருடையதுதான்.

ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் வேறொன்றை யோசித்துக்கொண்டு வந்தேன். நகராட்சி காரை வெளியே நிறுத்தியது: நியாயம். போக்குவரத்துத் துறை பஸ்ஸில் பிராணிகள் வேண்டாம் என்றது: தனியாகப் பார்த்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம், யாருக்காவது ஒவ்வாமை இருக்கும், யாராவது பயப்படுவார்கள். அரண்மனை உள்ளே விடவில்லை: நியாயம். பார்க்கிங்காரர் காரில் விடாதே என்று பலகை வைத்தார்: மிகவும் நியாயம். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். காரோடு வந்த நாய்க்கு அந்த நகரத்தில் சட்டப்படி விட்டுப்போக ஓர் இடம்கூட மிச்சமில்லை. தடை செய்தும் யாரும் தடுக்காத ஓர் இடம் மட்டும் இருக்கிறது: பூட்டிய கார். உங்கள் விதிகள் நாயை அங்கே தள்ளிக்கொண்டு போய்விட்டு, பலகையில் மட்டும் வேண்டாம் என்கின்றன.

"கண்ணாடியை இறக்கினால் ஒன்றும் ஆகாது" என்று நம்புகிறவர்கள் உங்கள் ஊழியர்களிலேயே இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். 2005-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழான பீடியாட்ரிக்ஸில் ஓர் ஆய்வு வந்தது. வெளியே 22 டிகிரி செல்சியஸிலிருந்து 36 டிகிரி வரை இருந்த வெவ்வேறு நாட்களில், வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பத்தை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்ததால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது, நமக்கு இதமாக இருக்கும் 25 டிகிரி நாளில்கூட அரை மணியில் கார் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அன்றைக்கு இதமான நாளும் இல்லை.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு, அதற்கு மேல் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்த்து ஆற்றிக்கொள்ள நாயால் முடியாது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி இரைத்து, நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூடிய காரில் அந்த ஈரமே காற்றில் நிறைந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு இரைத்தாலும் பயனில்லை. அந்தக் கண்ணாடியில் நான் பார்த்த வெளிறல் அதுதான். பக், ஷிட்சு, பெக்கினீஸ், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவழியே குறுகல் என்பதால் இன்னும் சீக்கிரம் தலைக்கு மேல் போய்விடும். காரில் கூட்டிவர வசதி என்று மக்கள் வைத்திருக்கும் சிறிய நாய்களில் இந்த வகைகள் எத்தனை என்று உங்கள் பார்க்கிங்கில் ஒரு நாள் நின்று எண்ணிப் பாருங்கள். (டெஸ்லா கார்களில் 2019 முதல் நாய்க்காக ஏசி ஓடிக்கொண்டே இருக்கும் வசதி இருக்கிறது, தெரியும். சிலருக்கு மட்டும் பொருந்தும் தீர்வை வைத்துக்கொண்டு மீதிப் பேருக்கு விதி எழுத முடியாது.)

பழமையைக் காப்பவர்கள் நீங்கள், அதனால் ஒரு பழைய நகரத்தைப் பற்றியே சொல்கிறேன். 79-ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலையில் புதைந்த பொம்பெயியில் ஒரு வீட்டு வாசல் தரையில் சங்கிலி கட்டிய கறுப்பு நாயின் மொசைக் படம் இருக்கிறது, "நாய் ஜாக்கிரதை" என்று லத்தீனில் எழுதி. எல்லோரும் சிரித்துக்கொண்டே போட்டோ எடுப்பது அதைத்தான். அதே நகரத்தில் இன்னொரு வீட்டில், சாம்பலுக்குள் உடல் மக்கிப்போன குழியில் சாந்து ஊற்றி 1874-இல் வார்த்தெடுத்த நிஜ நாயின் உருவமும் கிடைத்தது. கட்டிப்போட்ட நாய் அது. நான்கு கால்களும் மேலே தூக்கி, உடம்பு முறுக்கிக் கிடக்கிறது. கழுத்தில் பட்டை அப்படியே தெரிகிறது. வீட்டுக்காரர் வேண்டுமென்றே அதை விட்டுப் போயிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வந்து அவிழ்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்.

அந்தப் பொம்பெயி இன்றைக்குச் சிறிய நாய்களை வார் பிடித்து உள்ளே கூட்டிவர அனுமதிக்கிறது. உலகத்திலேயே எளிதில் சேதமாகக்கூடிய தொல்லியல் இடங்களில் ஒன்று அது. அங்கே முடிகிறது.

பஸ் விஷயத்துக்கும் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்து ரயில்களில் தோள் உயரம் 30 சென்டிமீட்டர் வரையுள்ள நாய் பையிலோ கூடையிலோ இருந்தால் டிக்கெட்டே கிடையாது, கைப்பெட்டி மாதிரிதான் கணக்கு. பாரிஸ் மெட்ரோவில் பைக்குள் இருக்கும் சிறிய நாய் போகலாம். 1863-இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய சுரங்க ரயிலான லண்டன் அண்டர்கிரவுண்டில் நாய் வாரோடு ஏறலாம். நகரும் படிக்கட்டில் மட்டும் தூக்கிக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் உங்கள் ஷட்டிலை விட நெரிசலான வண்டிகள். மூன்று கிலோமீட்டர் ஓடும் ஒரு பஸ்ஸில் ஏழு கிலோ பையை ஏற்ற முடியாது என்பதற்கு இந்த ஊர்களில் இல்லாத என்ன காரணம் உங்கள் ஊரில் இருக்கிறது என்று எழுதித் தாருங்கள், படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

பிரான்சில் பழைய மடாலயம் உள்ள மோன் சான் மிஷெல் தீவில் ஏற்பாடு அப்படியே உங்களுடையதுதான்: கார்கள் இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி நிலப்பகுதியிலேயே நின்றுவிட வேண்டும், பஸ்ஸிலோ நடந்தோ தீவுக்குப் போக வேண்டும், மடாலயத்துக்குள் நாய் போகக்கூடாது. ஆனால் அங்கே பார்க்கிங்குக்குப் பக்கத்திலேயே நாயை விட்டுப்போகக் கூடங்கள் வைத்திருக்கிறார்கள். காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னவர்கள், காருக்குள் என்னென்ன வரும் என்றும் யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தப்புகளையும் மறைக்கப் போவதில்லை. எடுக்காமல் போகும் மலம், நீள வாரில் விட்டுக் கூட்டத்தில் பின்னும் நாய், "ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க" என்று பயப்படுகிறவரிடமே போய் நிற்கும் சொந்தக்காரர். இந்த வாக்கியத்தை உலகத்திலிருந்து ஒழிக்க முடிந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. நாய்க்குப் பயப்படுகிறவர்களுக்கும் அந்தத் தெரு சொந்தம். தடுப்பூசிச் சான்று கேளுங்கள், காட்டுகிறோம். கட்டணம் போடுங்கள், கட்டுகிறோம். மலத்தை எடுக்காதவருக்கு அபராதம் போடுங்கள், கைதட்டுகிறோம். நாயைக் காரில் விட்டவரைத் தண்டிக்கவும் செய்யுங்கள். ஆனால் விடாமல் இருக்க ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்டியுங்கள்.

கேட்பது இவை.

முதலில் பஸ். மூடிய பையில், மடியிலோ காலடியிலோ வைக்கக்கூடிய நாய்க்கு ஷட்டிலில் அனுமதி கொடுங்கள். சுவிட்சர்லாந்தின் 30 சென்டிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக ஆராய்ச்சி செய்ய வேண்டாம். பயப்படுகிறவர்களுக்காகக் கடைசி இரண்டு சீட்டை மட்டும் எங்களுக்கு ஒதுக்கினாலும் சரி. இதற்குப் பணம் தேவையில்லை, கட்டடம் தேவையில்லை. ஒரு பக்கச் சுற்றறிக்கையும், அந்த ஸ்டிக்கருக்குப் பதிலாக வேறு ஸ்டிக்கரும் போதும். பைக்குள் அடங்காத நாய்களுக்காக, பார்க்கிங்கிலிருந்து மதில் வரை லாரிக்குப் பயப்படாமல் நடக்க ஒரு நடைபாதை போடுங்கள். அது நாய் இல்லாதவர்களுக்கும் உதவும்.

பார்க்கிங்கில் ஒரு வரிசைக்காவது நிழல்வலை கட்டுங்கள், ஒரு குழாய் வையுங்கள். நாய்கள் சில மணி நேரம் தங்கக்கூடிய, ஆள் காவலுள்ள கூடம் ஒன்று வேண்டும், கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். மிக முக்கியமாக, பூட்டிய காருக்குள் பிராணியோ குழந்தையோ தவிப்பதை யாராவது பார்த்தால் கூப்பிட ஒரே ஒரு எண்ணும், எடுத்துப் பேசுகிறவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும் வேண்டும். கூண்டில் இருப்பவர் ஒலிபெருக்கியில் நம்பர் பிளேட்டைப் படித்து அறிவிக்கட்டும், அதே நேரத்தில் ஊருக்குள் பஸ் நிற்கும் இடத்திலும் அரண்மனை வாசலிலும் அந்த அறிவிப்பு ஒலிக்கட்டும். எத்தனை நிமிடத்துக்குள் யார் வந்து கதவைத் திறக்க வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள். நான்கு அலுவலகத்துக்குப் போன் போட்ட இருபது நிமிடம் அந்தப் பக் நாயிடம் உபரியாக இருந்த நேரம் இல்லை.

அரண்மனைக்காரர்களிடம் கேட்பது சிறியது. உள்ளே நாயை விடச் சொல்லவில்லை. ஒரே பதிவில் அடுத்தடுத்த இரண்டு நேரங்களுக்கு டிக்கெட் எடுக்க விடுங்கள். பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் முறை மாற்றிக்கொள்ள இப்படி வழி செய்து கொடுத்திருக்கிறார்கள். நாய்க்காரர்களுக்கு மட்டும் என்றில்லை, வயதான அம்மாவைத் தனியாக விட முடியாதவர்களுக்கும் இது உதவும். அப்புறம், வெளி முற்றத்து நிழலில் பையோடு உட்கார்ந்திருப்பவரை எழுப்பாதீர்கள் என்று காவலர்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, நான்கு பேரின் விதிகளும் ஒரே பக்கத்தில் வரவேண்டும். டிக்கெட் பதிவு செய்யும் இடத்திலேயே, பணம் கட்டுவதற்கு முன்பே. கார் எதுவரை வரலாம், பஸ்ஸில் எந்த அளவு நாய் ஏறலாம், எங்கே விடலாம், எங்கே நிழல், எங்கே தண்ணீர், அருகில் உள்ள கால்நடை மருத்துவர் எங்கே. ஒரு துறையின் இணையதளத்தில் பாதி, இன்னொரு துறையின் பஸ் கதவில் மீதி என்று இருந்தால், மீதிப் பாதி எங்களுக்குத் தெரியவருவது நான்கு மணி நேரம் காரோட்டி வந்த பிறகுதான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்; நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வருகிறோம், இல்லையென்றால் வேறு ஊருக்குப் போகிறோம்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே அதிகாரி யார் என்று முப்பது நாட்களுக்குள் அறிவியுங்கள். பஸ் சுற்றறிக்கையும் அவசர எண்ணும் அடுத்த கோடைக்கு முன் நடைமுறைக்கு வரவேண்டும். கூடமும் நிழலும் நடைபாதையும் அடுத்த ஆண்டு வரவு செலவில் இருக்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு வேலை மட்டும் நாளைக்கே செய்யலாம். அந்தக் கூண்டிலிருக்கும் பலகையில், "பிராணிகளைக் கார்களுக்குள் விட்டுச் செல்லாதீர்கள்" என்பதற்குக் கீழே, வேறு எங்கே விடலாம் என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போடுங்கள்.

இப்படிக்கு,
சிட்டு, குட்டான் ஆகியோரின் காரோட்டி